முத்துக்கருப்பன் அடுக்கிய பாறை

எழுமலையில் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு போர்வெல் லாரியில் ஏறியவன் முத்துக்கருப்பன். ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர் என்று சுற்றி, பூமிக்குள் என்னென்ன பாறை உண்டோ அத்தனையையும் துளைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினான். அந்த லாரியின் இரைச்சலில் இடது காது பாதி போயிருந்தது. மீதிக் காதோடு பழங்காநத்தத்தில் வீடு பிடித்து, தெருமுனையில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை போட்டான். வீட்டு ஹாலிலேயே அவன் மனைவி முனீஸ்வரி தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்தாள். பாதி பழங்காநத்தத்துக்கு அவள்தான் டெய்லர்.

கடல் அவர்கள் வீட்டுக்குள் வந்தது ஆரப்பாளையம் வழியாக. அங்கே வண்ணமீன் கடை வைத்திருக்கும் சிவபாண்டி, பம்பு ஓடவில்லை என்று ஒருநாள் அவனைக் கூப்பிட்டான். போனவன் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூலையிலிருந்த சின்னக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டான். நீல வெளிச்சத்தில் பாறைகள். பாறை மேல் பச்சையும் ஆரஞ்சுமாகப் பவளங்கள், காற்றில் ஆடும் கதிர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. இடுக்கிலிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"தம்பி, கல்லுக்குள்ள இம்புட்டு உசுரா?" என்றான்.

"உப்புத் தண்ணித் தொட்டிண்ணே. பார்த்தா விடாது" என்றான் சிவபாண்டி.

விடவில்லை. அடுத்த மாதமே ஹாலில் ஒரு தொட்டி வந்து உட்கார்ந்தது. டிவிக்குப் பக்கத்தில்கூட இல்லை, டிவி இருந்த இடத்திலேயே. சுத்திகரித்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, அதில் கடல் உப்பைக் கொட்டிக் கலக்கியவனைப் பார்த்து முனீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊரே உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்க மெஷின் மாட்டுது. நீங்க நல்ல தண்ணியில உப்பக் கொட்டுறீங்களே, யார்ட்ட சொல்லி அழ?"

"இரு புள்ள, பாறைய அடுக்குறேன். அப்பறம் பாரு."

பாறைக்காக ராமேஸ்வரம் போய் ஒரு மூட்டை அள்ளி வரலாம் என்றுதான் முதலில் நினைத்தான். சிவபாண்டி பதறிப்போனான். "அண்ணே, கடல்ல பவளப்பாறை எடுத்தா கேஸாயிரும். செஞ்சு விக்கிற கல்லுதான் வாங்கணும். நாள்பட அதுல பாசியும் கிருமியும் குடியேறி உயிர் ஏறிக்கிரும்." அப்படி வாங்கிய கற்களை முத்துக்கருப்பன் அடுக்கினான். ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நடுவில் பேப்பர் நுழையாது. பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி, கீழிருந்து மேல்வரை, கிணற்றுக்குச் சுவர் எழுப்பியது மாதிரி கெட்டியாக நின்றது. தட்டிப் பார்த்துவிட்டு, "யானை முட்டினாலும் அசையாது" என்றான்.

தொட்டிக்கு யானை வரவில்லை. க்ளவுன் மீன்கள் இரண்டு வந்தன. ஒளிய இடமில்லாமல் மூலைக்கு மூலை ஒன்றையொன்று துரத்தின. பாறைக்குப் பின்னால் தண்ணீர் ஓடாததால் அங்கே அழுக்கு சேர்ந்தது. சிவபாண்டி கொடுத்த பவளத் துண்டு வாய் திறக்கவே மாட்டேன் என்றது. முனீஸ்வரி பிளவுஸில் கொக்கிக்குக் காஜா எடுத்துக்கொண்டே ஒருநாள் தலையை நிமிர்த்தினாள்.

"ஏங்க, இது வீடா, ஜெயிலா? ஒரு ஜன்னல் இல்ல, கொல்லை வாசல் இல்ல. நாமளா இருந்தாலும் சண்டைதான் போடுவோம்."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுபடி பார்த்தபோது அவள் சொன்னதுதான் சரியாகப்பட்டது. சுவரைப் பிரித்தான். பாதிக் கற்களை வெளியே வைத்தான். மீதியை இரண்டு குன்றாக்கி, நடுவில் ஒரு வளைவு கட்டி, அடியில் குகை விட்டான். எந்தக் கல்லை எந்தப் பக்கம் திருப்பினால் எங்கே இடுக்கு விழும் என்று முனீஸ்வரி மெஷினில் இருந்தபடியே சொல்ல, இவன் தோள் வரை கையை விட்டு நகர்த்தினான். மீன்களுக்கு ஆளுக்கொரு பக்கம் கிடைத்தது. நாலைந்து நாளில் பவளம் விரிந்தது. அதைப் பார்க்க முனீஸ்வரி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். அவன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஆண்டிச்சாமி வந்தார். சிவபாண்டி கடையில் பழக்கமானவர், வங்கியில் வேலை. ஓசூருக்கு மாற்றலாகி, தன் தொட்டியைக் கலைத்துக்கொண்டிருந்தார். "பழைய கல்லு, நல்லா உயிர் ஏறியிருக்கு. உங்க கையில இருந்தா நல்லாருக்கும்" என்று வாளியோடு கொடுத்துவிட்டுப் போனார். முத்துக்கருப்பன் அந்தக் கல்லைக் குகைக்குப் பக்கத்திலேயே வைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. மெஷின் நின்றது, ஃபேன் நின்றது, தொட்டியின் பம்பும் நின்றது. அந்த அமைதியில், டிக்.

"ஏங்க, சத்தம் கேட்டுச்சா?"

"என்ன சத்தம்?"

டிக்.

"இந்தா, இப்ப!"

அவனுக்குக் கேட்கவில்லை. வலது காதைக் கண்ணாடியில் வைத்தான். டிக். துளைத்துக்கொண்டிருக்கும்போது பாறை விரிசல் விட்டால் எப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். இது அதே மாதிரி, ஆனால் மெலிசாக, கண்ணாடி மாதிரி.

"முனீசு, கண்ணாடி விரிசல் விடுது! பாரம் தாங்கல!"

அவ்வளவுதான். முனீஸ்வரி பாய்ந்து, ஹால் ஓரத்தில் அடுக்கியிருந்த கல்யாணப் பட்டுப் பிளவுஸ்களை இரண்டு கையிலும் வாரிக்கொண்டு கட்டில் மேல் எறிந்தாள். பக்கத்து வீட்டு ராமக்காள் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தவள், விஷயம் புரியாமலே துணி மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். முத்துக்கருப்பன் மீன்களை ஒரு வாளியில் பிடித்துப் போட்டான். வளைவைப் பிரித்தான். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய இன்னொரு பிளாஸ்டிக் வாளியில் இறக்கினான்.

தொட்டியில் ஒரு கல் இல்லை. கண்ணாடியை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

டிக்.

"ஏங்க" என்றாள் முனீஸ்வரி, மெதுவாக. "சத்தம் வாளிக்குள்ள இருந்து வருது."

மூவரும் வாளியைச் சுற்றிக் குனிந்தார்கள். ஆண்டிச்சாமி கொடுத்த கல்லின் ஓட்டையிலிருந்து இரண்டு மீசை வெளியே வந்தது. பின்னாலேயே விரல் நீள இறால் ஒன்று. அதன் ஒரு கை இன்னொரு கையைவிடப் பெரிது. அந்தப் பெரிய கையைச் சொடுக்கியது. டிக்.

ராமக்காள் மூட்டையைக் கீழே போட்டாள். "இதுக்கா இம்புட்டு கூத்து?"

போனில் அனுப்பிய படத்தைப் பார்த்த சிவபாண்டி சிரித்த சிரிப்பு தெரு வரை கேட்டது. "அண்ணே, அது பிஸ்டல் இறாலு! நான் ஆண்டிச்சாமி சாருக்கு வித்ததுதான். அதோட கூட்டாளி மீன் துள்ளி வெளிய விழுந்து செத்துப்போச்சு. இதுவும் செத்திருக்கும்னு சாரு நெனச்சுட்டாரு. அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுண்ணே. வளை தோண்டும், கோபின்னு ஒரு மீனு வாசல்ல நின்னு காவல் பார்க்கும். தனியா விட்டா வெளிய வரப் பயப்படும். எடுத்துட்டு வாங்க, வேற தொட்டியில விட்டுர்றேன்."

முத்துக்கருப்பன் முனீஸ்வரியைப் பார்த்தான்.

"எதுக்குக் கொடுக்கணும்? கண்ணு தெரியாததத் தூக்கிட்டு அலையுறதா? அந்தக் காவக்கார மீன ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள் அவள்.

இறால் தோண்டினால் மேலிருக்கும் கல் சரியும். அதனால் இந்த முறை அடிக்கற்களை மணலின் மேல் வைக்காமல், மணலை ஒதுக்கி, தொட்டியின் தரையிலேயே அழுந்த வைத்தான். பிறகுதான் மணலைப் போட்டான். வளைவைப் பசை வைத்து ஒட்டினான். இறால் இருந்த கல் நடுவில் உட்கார்ந்தது.

மஞ்சள் நிறக் கோபி மீன் வந்து, பம்பின் பின்னால் ஒளிந்துகொண்டு முகம் காட்ட மறுத்தது. இறாலும் அடங்கிக் கிடந்தது. "மாப்பிள்ளைக்குப் பொண்ணு பிடிக்கல போல" என்று ராமக்காள் தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போனாள். முத்துக்கருப்பன் கடைக்குப் போனாலும் நாலு தடவை போன் போட்டு, "வெளிய வந்துச்சா?" என்பான். முனீஸ்வரி சலித்துக்கொண்டே எட்டிப் பார்த்துச் சொல்வாள்.

ஒருநாள் அவளே போன் போட்டாள். "கடையப் பூட்டிட்டு வெரசா வாங்க."

"என்னாச்சு?"

"வாங்கன்னா வாங்க."

அவன் வந்தபோது முனீஸ்வரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கல்லின் அடியில் புதிதாக ஒரு வளை. வாசலில் கோபி அசையாமல் நின்றது. அதற்குப் பின்னால் இறால், ஒரு மீசையை மீனின் வாலில் வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து மணலைப் புல்டோசர் மாதிரி தள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. முத்துக்கருப்பனின் நிழல் விழுந்ததும் மீன் வாலை ஒரு சிலுப்பு சிலுப்பியது. இரண்டும் உள்ளே போய்விட்டன. அவனும் தரையில் உட்கார்ந்தான். மறுபடி அவை வெளியே வரும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

இந்தக் கதை சிவபாண்டி வாய் வழியாக ஊர் சுற்றியது. இப்போது மதுரையில் உப்புத் தண்ணீர் தொட்டி வைக்கிறவர்கள் கல் அடுக்க முத்துக்கருப்பனைக் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் முனீஸ்வரியும் போகிறாள். போன வாரம் திருநகரில் ஒரு வீடு. வளைவு இடப்பக்கம் வர வேண்டும் என்று அவன் சொல்ல, வலப்பக்கம்தான் என்று அவள் நின்றாள். வீட்டுக்காரர் பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க பேசி முடிங்க, நான் போய் வடை வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பிப் போனார். அவர் திரும்பி வந்தபோது வளைவு வலப்பக்கம் நின்றது.