அத்தை எடுத்த முதல் சட்டை

வெள்ளை மல் துணியில் தைத்து, கழுத்தோரம் மஞ்சள் நூல் ஓட்டிய சட்டை அது. விரித்தால் என் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும். 1991-இல் வாலாஜாபாத் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில், குழந்தைகள் பகுதியில் வேலைக்கு நின்றேன். எனக்குப் பத்தொன்பது வயது. அந்தச் சட்டையை எடுத்துப் போனவரின் பெயரை நான் கேட்டதில்லை. வடக்குப்பட்டு அக்கா என்றுதான் இன்றும் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

நடுப்பகல். கடையில் நானும் கல்லாவில் முதலாளியும் மட்டும். தோளில் ஒரு பிள்ளையைச் சாய்த்து, அதன் தலை வரைக்கும் துண்டால் மூடிக்கொண்டு அவர் படியேறி வந்தார். கூட வந்த ஆள் உள்ளே நுழையாமல், வெயிலிலேயே தெருவைப் பார்த்து நின்றுவிட்டார்.

“பொறந்த கொழந்தைக்கு சொக்கா காட்டும்மா. நான் அத்தைக்காரி. அதோ நிக்குறானே எந்தம்பி, அவன் புள்ள.”

முதல் சட்டையை அத்தை எடுத்துத் தருவது எங்கள் பக்கத்தில் உள்ளதுதான். ஆனால் பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் கடைக்கு வருவதில்லை. “எத்தினி நாளாச்சுக்கா?” என்றேன். “நேத்துதான்” என்றார். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்களாம், வடக்குப்பட்டுக்குப் போக இங்கே பஸ் மாற வேண்டுமாம். தாயை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

சட்டைகளை எடுத்துப் பரப்பினேன். அவர் அவசரப்படவேயில்லை. ஒவ்வொன்றையும் திருப்பி, உள்பக்கத்தைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். பூப்போட்டது வேண்டாம். பித்தான் வைத்தது வேண்டாம், உடம்பில் அழுத்தும். கடைசியில் அந்த மஞ்சள் நூல் சட்டையில் கை நின்றது. எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்: “கொஞ்சம் பெருசா எடுங்கக்கா, ரெண்டு மாசத்துக்கு வரும்.”

“வாணாம்மா. இன்னிக்கு அளவா இருந்தா போதும்.”

அளவு பார்க்கத் துண்டை விலக்கிப் பிள்ளையின் காலைத் தொட்டேன். “ஜில்லுனு கீதேக்கா, ஃபேன நிறுத்தட்டா?” என்றேன். “நிறுத்திடும்மா” என்றார். நிறுத்திவிட்டு வந்தபோது பிள்ளையின் மூடிய இமைமேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. இமை அசையவில்லை. அக்கா அதை விரட்டினார். மறுபடி வந்து உட்கார்ந்தது. மறுபடி விரட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“காலைலயே போயிட்டான்” என்றார், உதடு மட்டும் அசைய. “தெரிஞ்சா பஸ்ல ஏத்த மாட்டாங்க. தூங்குறாப்புல தோள்ல போட்டுகினு வந்தோம். ஒரு சொக்கா கூட போடாம எப்படிம்மா அனுப்புறது? கத்திடாத கண்ணு.”

எனக்குக் கத்தத்தான் வந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் அவர்களைத் தெருவில் தள்ளிக் கடையைக் கழுவிவிடுவார். என்னையும் வேலையை விட்டு நிறுத்துவார். ஆனாலும் ஏனோ, மேசையைச் சுற்றிப் போய் அதன் மறைவில் தரையில் உட்கார்ந்தேன். அக்காவும் உட்கார்ந்து பிள்ளையை மடியில் கிடத்தினார். கைகள் வளைய மறுத்தன. கத்தரியை எடுத்துச் சட்டையின் முதுகைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டினேன். முன்பக்கமாகப் போர்த்தி, ஒவ்வொரு கையாக நுழைத்தோம்.

“இன்னாம்மா, சத்தத்தையே காணோம்?” முதலாளி எழுந்து வந்து மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“கொழந்த தூங்குதுங்க” என்றேன்.

“ஐயய, தூங்குதா?” என்று குரலைத் தாழ்த்தியவர், அடிமேல் அடி வைத்துப் போய் ரேடியோவையும் அணைத்தார். கடை அப்படி ஓர் அமைதியில் இருந்து நான் பார்த்ததேயில்லை. மூன்று பேருமாக அந்தப் பிள்ளையின் தூக்கம் கலையாமல் பார்த்துக்கொண்டோம்.

அவர்கள் பஸ் ஏறுவதை வாசலில் நின்று பார்த்தேன். கைப்பிள்ளையோடு வருகிறாரே என்று ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரகடம் போகும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம்பிக்குப் பெண் பிறந்திருப்பதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “அவன் வலது கைய நீ நுழைச்சப்போ, உன் வெரல புடிச்சானா? எனக்கு அப்டிதான் தெரிஞ்சிச்சு. டாக்டரு ரெண்டு வாட்டி பாத்துட்டுதான் குடுத்தாரு. இருந்தாலும், அத நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லம்மா.”

“இல்லக்கா. அப்டிலாம் ஒண்ணுமில்ல” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். இறங்கும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் சொன்னது பொய். விறைத்த விரல்கள் மடங்கித்தான் இருக்கும், உள்ளே போன விரல் மாட்டிக்கொள்ளும் என்று பின்னாளில் ஒரு நர்ஸ் விளக்கினார். நம்புகிறேன். நம்பாமல் எப்படி இருப்பது? ஆனால் அன்று நான் என் விரலை உருவவில்லை. சற்றுநேரம் இறுக்கிப் பிடித்திருந்துவிட்டு, அந்தக் கைதான் விட்டது.

அந்த ஒரகடம் சாலையில் இப்போது இரவும் பகலும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றில்தான் நானும் கேன்டீன் வேலைக்குப் போய் வருகிறேன். கூட வேலை செய்யும் பெண்கள் பிள்ளை பெற்றால் பார்க்கக் கூப்பிடுவார்கள். “வெரல நீட்டுக்கா, எப்டி புடிக்கிறான் பாரு” என்பார்கள். நான் சட்டையை மட்டும் தொட்டுப் பார்ப்பேன். அளவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையை இழுத்துக்கொள்வேன்.