முதல் வாய் சாதம்

வைதேகி சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். கல்யாணமாகிக் கல்கத்தாவில் பாலிகஞ்ச் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். சுவாமிக்குக் காட்டாத எதுவும் நாக்கில் படக்கூடாது என்பது மாமியார் போட்ட சட்டம். மாமியார் போய்ச் சேர்ந்தாள், சட்டம் போகவில்லை. உப்பு கைக்கணக்கு, புளி கண்கணக்கு. சாம்பார் இறங்கியதும் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுத்து வருவாள். முதல் வாய் சாதம் அவள் புருஷன் மஹாதேவனுடையது.

பேங்க் ஆபீசராக இருந்து ரிட்டையரான மனுஷர். ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பார். பிறகு தீர்ப்பு சொல்வார்: "உப்பு ஒரு கல்லு கம்மி." தினமும் இதே தீர்ப்புதான். ரத்தக்கொதிப்புக்காரர் என்று அவள் வேண்டுமென்றேதான் குறைப்பாள். அது அவருக்கும் தெரியும். அவர் கை நீளுமுன் உப்பு ஜாடியை நகர்த்தி அந்தப் பக்கம் வைத்துவிடுவாள். அப்புறம் இரண்டு பேரும் பேசாமல் சாப்பிடுவார்கள்.

போன வருஷம் ஒரு காய்ச்சல் இருவரையும் சேர்த்துப் படுக்கையில் போட்டது. எழுந்தது அவள் மட்டும். பதின்மூன்றாம் நாள் இலையில் பாயசம் விழுந்தபோதுதான் தெரிந்தது, வாயில் போனது வெந்நீர் மாதிரி இருந்தது. வடையும் அப்படி, கறியும் அப்படி. மூக்கும் நாக்கும் சேர்ந்து மரத்துப் போயிருந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள், "அழுதுடு வைதேகி, மனசுல வெச்சுக்காதே" என்றார்கள். அழுகை என்ன குழாய்த் தண்ணியா, திறந்தால் வர? அதுவும்தான் வரவில்லை. பெங்களூரிலிருந்து வந்த பிள்ளை ஒரு வாரம் இருந்து, அம்மா தைரியசாலி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனான்.

நாக்குச் சமாச்சாரம் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவள் சமையலுக்கு அவள் நாக்கு என்றைக்குமே தேவைப்பட்டதில்லையே!

இந்த நேரத்தில்தான் சாதனா வந்து கூப்பிட்டாள். சாதனா வங்காளி. காலேஜில் பாடம் நடத்திக்கொண்டே பவானிபூரில், மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பின்சந்தில், பசித்தவர்களுக்கு மத்தியானச் சோறு போடும் உணவு வங்கி ஒன்றை நடத்துகிறவள். சால்ட் லேக்கில் இருக்கும் ஓர் ஐ.டி. கம்பெனி, கேன்டீனில் மிஞ்சுவதைக் கொடுக்கும். ஒரு லாரி கம்பெனி வேனையும் டிரைவரையும் கொடுக்கும். சந்து முனை மிட்டாய்க் கடைக்காரர் தன் குளிர் அறையில் ஒரு மூலையை விட்டிருந்தார். இந்த மூன்று முதலாளிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் தயவில் அந்தச் சந்தில் ஒரு பெரிய வரிசை தினமும் உட்கார்ந்து சாப்பிட்டது.

ஐ.டி. கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. பரிமாறுவதற்கு முன் பொறுப்பான ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். எவருக்காவது வயிற்றைக் கலக்கியது என்று சேதி வந்தால் மறுநாள் முதல் சாப்பாடு கிடையாது.

"மாஷிமா, உங்க கைச் சாம்பாரை நம்ம தெரு துர்கா பூஜை சமயத்துல சாப்பிட்டிருக்கேன். இந்த வேலைக்கு உங்களைவிட யார் இருக்கா? மீனை நான் பார்த்துக்கறேன். மத்ததை நீங்க பாருங்க" என்றாள் சாதனா. மாஷிமா என்றால் வங்காளியில் பெரியம்மா.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு, யாரோ தன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள் என்பதே பெரிதாகப் பட்டது. தினமும் போனாள். கரண்டியை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்வாள். ஒன்றும் தெரியாது. தலையை ஆட்டுவாள். சோற்றை விரலால் நசுக்கிப் பிசுபிசுப்புப் பார்த்து, ஓரத்தில் நுரை கட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து ஓட்டினாள். சந்தேகம் வந்த இரண்டொரு பாத்திரத்தைத் தள்ளியும் வைத்தாள். மாஷிமா ரொம்பக் கண்டிப்பு என்று பெயர் வந்தது. பொய் பழகிவிட்டால் அதற்குக் குற்ற உணர்ச்சி கூட இருப்பதில்லை. அவளுக்கு எதற்குமே எந்த உணர்ச்சியும் இல்லாத காலம் அது.

ஆடி மழையில் கல்கத்தா முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு வியாழக்கிழமை. கேன்டீனில் வியாழன் என்றால் இட்லி சாம்பார். இட்லி மிஞ்சாது, சாம்பார் மிஞ்சும். அதோடு சோறும் வறுத்த உருளைக்கிழங்கும் சேர்ந்து வரும். வேன் தண்ணீரில் மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கழித்து வந்தது. டிரைவர் ஏழுமலை தொப்பலாக நனைந்து இறங்கினான். திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து வந்து, இங்கேயே பெண் எடுத்து, பாதி வங்காளியாகிவிட்டவன். எப்போதும் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவான். அன்றைக்கு அவன் நடுங்குவதைப் பார்த்து சாதனா அவனை முதல் வரிசையில் உட்கார வைத்தாள்.

சாம்பார் மூடியைத் திறந்ததும் சாதனா முகத்தைச் சுளித்தாள். "மாஷிமா, புளிச்ச வாடை வருதே?"

ஓரத்தில் நுரை இருந்தது. வைதேகி பார்த்தாள். வண்டியில் குலுங்கியதால் வந்த நுரை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கரண்டியைத் தூக்கி வாயில் ஊற்றிக்கொண்டாள். வெந்நீர்.

"சாம்பார்னா புளிக்கத்தான் செய்யும், சாதனா. புளி கரைச்சு ஊத்தாம சாம்பார் பண்ணுவாளா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சாம்பார் விஷயத்தில் தமிழ்க்காரி சொன்ன பிறகு வங்காளி எங்கே போய் அப்பீல் செய்வது? பரிமாறத் தொடங்கிவிட்டார்கள்.

ஏழுமலை அவசரமாகப் பிசைந்து வாயில் போட்டான். மெல்லவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தான்.

"அம்மா, இது ஊசிப்போச்சும்மா. புளி இல்ல இது." அவளை நிமிர்ந்து பார்த்தான். குரல் தணிந்தது. "நீங்க வாயில ஊத்திப் பாத்தீங்களே?"

வைதேகி பந்தியைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் ஒருத்தி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சாம்பார் சாதத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

"சாப்பிடாதேங்கோ! யாரும் சாப்பிடாதேங்கோ!"

இத்தனை வருஷம் பேசிய வங்காளி அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ, தமிழில் கத்தினாள். யாருக்கும் புரியவில்லை. ஓடிப்போய் அந்தத் தட்டைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது. தாய்க்காரி தட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தவள் கையிலிருந்து சோற்றைப் பிடுங்கியிருக்கிறோம் என்பது வைதேகிக்கு உறைத்தது. எவ்வளவோ நாளைக்கு அப்புறம் உறைத்த முதல் விஷயம் அதுதான்.

ஏழுமலை வங்காளியில் எடுத்துச் சொல்ல, தட்டுகளைத் திரும்ப வாங்கிச் சாம்பாரை வடிகாலில் கொட்டினார்கள். மிட்டாய்க் கடைக்காரர் குளிர் அறையிலிருந்து தயிர்ச் சட்டிகளை அனுப்பினார். எல்லோரும் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"எனக்கு ருசி தெரியாது, சாதனா. அவர் போனதுலேர்ந்து தெரியாது. உன்கிட்ட சொல்லாம இருந்துட்டேன்" என்றாள் வைதேகி. சாதனா போனை எடுத்தாள். கம்பெனிக்கும் தானே சொல்வதாக வைதேகி போனை வாங்கினாள். அந்தப் பக்கம் கேன்டீனைக் கவனிக்கும் அக்‌ஷயா, கோயம்புத்தூர்ப் பெண்.

"யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆச்சுங்களா ஆன்ட்டி?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைம்மா. ஆனா ஆகியிருக்கும்."

"மேல சொல்லாம இருக்க முடியாதுங்க."

"சொல்லும்மா. அப்படியே சொல்லு. தப்பு என் மேல. இங்க வந்து உக்காரறவா மேல இல்லை. அவா சோத்தை நிறுத்திடாதேங்கோ."

அந்தப் பக்கம் அக்‌ஷயா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் வைதேகி போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். வேன் வருகிறதா என்று தெரியாமல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போனாள். சந்தில் வரிசை உட்கார்ந்திருந்தது. சாதனா வாசலில் நின்றாள். இவளைப் பார்த்தும் பேசவில்லை, போகவும் சொல்லவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வரிசையில் சிலர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

வேன் வந்தது.

"ஆள மாத்தச் சொல்லிட்டாங்கம்மா, அவ்ளோதான். யாரு ருசி பாக்குறதுன்னு கேட்டாங்க. நான் பாக்குறேன்னுட்டேன்" என்றான் ஏழுமலை, பாத்திரங்களை இறக்கிக்கொண்டே.

சாதனா கரண்டியை எடுத்து வைதேகியிடம் நீட்டினாள். "நீங்க பரிமாறுங்க மாஷிமா."

ஏழுமலை சம்மணமிட்டு உட்கார்ந்தான். வைதேகி சோறு போட்டுப் பருப்பு ஊற்றினாள். பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, மேலே பார்த்தபடி மென்றான். வரிசை முழுக்க அவன் வாயையே பார்த்தது.

"நல்லாருக்கும்மா, போடுங்க எல்லாருக்கும். உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி."

வைதேகி உப்பு ஜாடியை எடுக்கத் திரும்பினாள். கை ஜாடியின் மேல் போய் அங்கேயே நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. சாதனா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. கன்னத்தில் வழிந்து உதட்டுக்கு வந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். உப்புத் தெரியவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜாடியைக் கொண்டுபோய் ஏழுமலையின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.