கை நனைக்கக் கூடாது

புது ஷூ டப்பாவைத் திறந்தால் தோல் வாசனையோடு ஆம்பூரில் இடித்துத் தள்ளிய எங்கள் பள்ளிக்கூடமும், வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷமாகியும் கழற்றாமல் மாட்டியிருந்த ஆசிரியர் விதிப் பலகையும் வந்து எரிச்சலூட்டுகின்றன. 'மாணவர் வீட்டில் ஆசிரியர் கை நனைக்கக் கூடாது. மீறினால் வேலை நீக்கம்.'

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர். எங்கள் தெருவுக்கே யாரும் வரமாட்டார்கள். காய்ச்சலில் கிடந்த என்னைப் பார்க்க வந்த ஸ்டெல்லா டீச்சர், அம்மா போட்ட கருவாட்டுக் குழம்புச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னாக்கா, இவ்ளோதானா? இன்னும் போடுங்க" என்றார்.

பெருமை தாங்காமல் வகுப்பெல்லாம் சொன்னேன்.

சோறு தின்றதற்கு விசாரணை. டீச்சரையும் என்னையும் பலகைக்கு முன்னால் நிறுத்தி, "அவங்க வீட்ல சாப்ட்டீங்களா?" என்றார் ஹெட்மாஸ்டர். இல்லை என்று சொல்லிவிட்டால் வேலை பிழைக்கும். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தட்டு, சார்."