கல்யாணத்தன்று வந்த வாலுயோ

லசியெம் அக்காவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எல்லாரும் அந்தக் குரலிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். குரல் கிடக்கட்டும். ஜாவாவின் சோலோ நகரத்தில் எங்கள் க்ரொஞ்சோங் பாட்டுக் குழுவில் மட்டும் ஏன் வயலின் இல்லை என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? வயலின் இல்லாத க்ரொஞ்சோங் உப்பில்லாத சோறு. அதையும் தின்றுகொண்டுதான் இருந்தோம்.

அக்காவின் புருஷன் துகிரான் அண்ணன் எங்கள் குழுவில் செல்லோ வாசித்தவர், ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் அது. வில்லைத் தொடவே மாட்டார். விரலால் தெறித்தே மத்தளம் மாதிரிப் பேசவைப்பார். டச்சுக்காரன் மறுபடி ஊருக்குள் புகுந்ததும் செல்லோவை என் வீட்டில் போட்டுவிட்டுப் போராளிகளோடு லாவு மலைக்கு ஏறிவிட்டார். அதோடு ஒரு தகவலும் இல்லை. அக்கா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். பார்க்கச் சகிக்காமல் அப்போது எங்கள் குழுவில் வயலின் வாசித்த தர்மாஜி தேடிப் போனான். டச்சுக் காவலைத் தாண்டி மலையேறுவது லேசா என்ன? போனான். திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

"துகிரான் அண்ணன் இல்லக்கா. போயிட்டாரு. மலமேல இருக்கற ஊர்த்தலைவரே சொன்னாரு."

அக்கா புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா காலத்தை இருந்து முடித்தார். அரிசி, துணி, விறகு எல்லாம் தர்மாஜிதான் கொண்டுவந்து கொடுத்தான். சண்டை நின்ற பிறகு அவனையே கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். ஊரில் யாரும் குறை சொல்லவில்லை, நானும்தான்.

கல்யாணத்தன்று காஜியார் தர்மாஜியின் கையைப் பிடித்து வாயைத் திறக்கப் போகிறார். வாசலில் ஓர் ஆள் கோலூன்றி நிற்கிறார், எலும்பும் தோலுமாக. என் கையிலிருந்த வாத்தியம் நழுவி விழுந்தது. துகிரான் அண்ணன்!

அக்கா அலறினார். யாரோ ஒருவன் கத்தினான்: "பொய் சொல்லி அடுத்தவன் பொண்டாட்டியத் தட்டப் பாத்திருக்கான்! டச்சுக்காரனோட கைக்கூலிடா இவன்!"

அந்தக் காலத்தில் அந்த ஒரு பட்டம் போதும், தலை போய்விடும். ஒருவன் அரிவாளையே எடுத்துவிட்டான்.

"ஆண்டவன் மேல சத்தியம், ஊர்த்தலைவர் சொன்னதத்தான் சொன்னேன்!" என்று தர்மாஜி கதறினான்.

"விடுங்கடா அவன!" அண்ணன் கோலை ஓங்கித் தட்டினார். "அவன் பொய் சொல்லல. எனக்குக் குண்டடி பட்டு, மாசக்கணக்கா காய்ச்சல் எறங்கவே இல்ல. இந்தப் பேரோட பாரத்த இவன் தாங்கமாட்டான்னு அந்த மலையூர்க்காரங்க சடங்குக்குச் செங்கஞ்சியும் வெள்ளக்கஞ்சியும் கிண்டி, வாலுயோன்னு பேர மாத்திட்டாங்க. பழைய பேரச் சொல்லி யாராச்சும் கேட்டா 'அவன் இல்ல, போயிட்டான்'னுதான் சொல்லணுமாம். இல்லாட்டி சீக்கு திரும்பிடுமாம்."

அடப்பாவமே! பேர் மாற்றுவது எங்கள் வீடுகளிலும் உண்டுதானே. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லையே! அரிவாள் கீழே இறங்கியது. "உனக்கு ரெண்டு பேரு, உன் பொண்டாட்டிக்கு ரெண்டு மாப்பிள்ளையாக்கும்" என்று ஒரு கிழவர் சொல்ல, கூட்டமே அழுதுகொண்டே சிரித்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தலையில் மல்லிகையோடு எழுந்து வந்தார்.

"தர்மாஜி, அவர எங்க அடக்கம் பண்ணியிருக்குன்னு கேட்டியா?"

அக்கா அவன் எதிரே போய் நின்றார்.

"பூ போடணும்னு தோணல? எனக்கு ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வரணும்னு தோணல? கேட்டியா, இல்லையா?"

"கேக்கலக்கா." கொஞ்ச நாளாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், மறுபடி அக்கா என்றான்.

"ஏன்?"

"கேட்டா, உசுரோட இருக்காருன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

அரிவாளைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. அண்ணன் கோலைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தர்மாஜி வயலினை எடுக்காமலே படியிறங்கிப் போனான். அப்புறம் எத்தனையோ வருஷம் அக்கா பாடினார், பக்கத்தில் வாலுயோ அண்ணன் செல்லோவோடு. வயலினோடு வந்த எவனையும் அக்கா மேடையேற விட்டதில்லை. அவன் விட்டுப்போனது இன்னும் என் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது.