சாதம் ஆற மூன்று மணி நேரம்

எங்கள் வீட்டில் சைனீஸ் ஃப்ரைடு ரைஸ் ஒரே ஒரு தடவைதான் செய்தோம். சீனாக்காரன் எவனாவது பார்த்திருந்தால் அடிக்க வந்திருப்பான். ஆனாலும் அப்படி ஒரு ருசி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. ஏ.எஸ்.ராவ் நகரில் இரண்டாவது மாடி வீடு. அப்பாவுக்கு அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. தெருவில் எந்த வீட்டுப் பையன் சாஃப்ட்வேர் வேலைக்கு அமெரிக்கா போனாலும் அன்று அப்பாவுக்குச் சோறு இறங்காது. அண்ணா பத்தாவது முடித்த கையோடு, ஹைதராபாத்தின் இன்னொரு கோடியில் இருந்த ஒரு கோச்சிங் காலேஜ் ஹாஸ்டலில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஐந்தைத் தாண்டினால் கேட்டைத் திறக்க மாட்டார்கள்; மறுநாள் காலையில் பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். இந்த விதியை நான் பெரியவளான பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அண்ணா அன்றைக்கே யோசித்திருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு காகிதத்தோடு வந்தான். பிசிக்ஸ் நோட்டிலிருந்து கிழித்தது. ஹாஸ்டல் நண்பன் ஒருவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட ஃப்ரைடு ரைஸ் செய்முறை. ‘சாதம் மூன்று மணி நேரம் ஆற வேண்டும்’ என்ற வரிக்கு அடியில் இரண்டு கோடு. அவன் அநியாயத்துக்கு மெலிந்திருந்தான். காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. எனக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் பட்டது? சோயா சாஸும் குடைமிளகாயும் வாங்க என்னையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான், அதிலேயே நான் பாதி வானத்தில் இருந்தேன். ஐந்து நிமிஷத்துக் கடைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம்.

அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சூடான சோற்றை வேண்டுமென்றே ஆறப்போடுவதை அவளால் தாங்க முடியவில்லை.

“ஏல, இது பழையதத் தாளிக்க மாதிரில்லா இருக்கு? இதுக்கு எதுக்குச் சைனாக்காரன்?” என்றாள்.

அண்ணா சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சாதத்தை இறக்கி வைக்கும்போது மணி ஒன்று. பீன்ஸை அண்ணாவே நறுக்கினான், ஒவ்வொன்றுக்கும் ஆபரேஷன் செய்கிற மாதிரி. நறுக்கிக்கொண்டே, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“அம்மா, இன்னைக்கு ஒரு நா இருந்துட்டு நாளைக்குப் போறேனே.”

“எனக்கு மட்டும் ஒன்ன அனுப்ப ஆசையாய்யா? அப்பாட்ட கேளு” என்றாள்.

அவன் அப்பாவிடம் கேட்கவில்லை. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்குக் காதில் விழாமலா இருந்திருக்கும்? எனக்கே விழுந்தது. ராத்திரி இருந்தால் மிச்சத்தையும் இவன் தின்றுவிடுவானே என்பதுதான் என் கவலை. அப்படி ஒரு பிசாசு நான்.

அண்ணா பால்கனிக்குப் போய் உட்கார்ந்தான். அம்மா அவன் துணிகளை மடித்துப் பையில் வைக்கப் போனாள். எனக்கோ பசி வயிற்றைக் கிள்ளியது. நாலு மணி வரைக்கும் யார் காத்திருப்பது? சாதத்தைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பினேன். டேபிள் ஃபேனை இழுத்து வந்து முழு வேகத்தில் வைத்தேன். அதுவும் போதாமல், கிண்ணம் கிண்ணமாக அள்ளி ஃப்ரீசரில் திணித்தேன். அரை மணி நேரத்தில் எடுத்துத் திரும்பத் தாம்பாளத்தில் கொட்டினால் சாதம் ஜில்லென்று உதிர்ந்தது.

“அப்பா! சாதம் ஆறிடுச்சு!” என்று வீடு அதிரக் கத்தினேன்.

அப்பா எழுந்து வந்து தாம்பாளத்தையும் ஃபேனையும் பார்த்தார். “எம் மவதாம்லே இஞ்சினியரு!” என்று என் தலையைத் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணா வந்து சாதத்துக்குள் விரலை விட்டான். எடுக்கவே இல்லை. “உள்ள இன்னும் சூடு இருக்குப்பா” என்றான்.

அப்பாவும் தொட்டுப் பார்த்தார். “எங்கலே சூடு? ஐஸு மாதிரில்லா கெடக்கு. சீக்கிரம் கிண்டு. மூணரைக்குக் கெளம்பணும்.”

அதற்குப் பிறகு எல்லாம் பத்து நிமிஷ வேலைதான். இரும்புச்சட்டி, எண்ணெய், காய், சோயா சாஸ், மிளகுத்தூள். நான் மூன்று தடவை போட்டுக்கொண்டேன். அண்ணா தட்டில் பருக்கை பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அப்பா இரண்டு தடவை வாட்சைப் பார்த்தார். அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வரவே இல்லை.

அடுத்த மாதம் பரீட்சை என்று வீட்டுக்கு விடவில்லை. அதற்கடுத்த மாதம் ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. பையன் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் பதில் இல்லை, வந்து அழைத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். அப்பா ஆட்டோவில் பெட்டியும் படுக்கையுமாக அவனைக் கூட்டி வந்தார். வருஷம் ஒன்றுக்கு மேல் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அப்பா அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இப்போது அண்ணா சனத்நகரில் ஒரு பட்டறையின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவனிடம் பேச எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

அன்றைக்கு அப்பா கீழே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். மணி மூன்றேகால்தான். அண்ணா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கேட் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டான்.

“ஏன் பாப்பா ஃபேனைப் போட்ட?”

பாராட்டுகிறான் என்றே நினைத்தேன்.

“நெக்ஸ்ட் டைம் இன்னும் ஜல்தி செஞ்சிரலாம்ணா! மார்னிங்கே ஃப்ரிட்ஜ்ல வெச்சிடறேன்!”

அவன் பையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டான். “ஹவ்” என்றான், ஹைதராபாத்காரர்கள் ‘ஆமாம்’ சொல்கிற மாதிரி.

ஸ்கூட்டர் தெரு முனை திரும்பும்வரை கையாட்டிவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். சட்டியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.