கேமரன் மலையில் வராத சூடு

சொந்தக்காரன் என்று நம்பித்தான் அந்தப் பழைய காரை வாங்கினேன். விற்றவன் என் மனைவியின் தம்பி. மலாக்காவில், புக்கிட் ரம்பாயில் கார் பட்டறை வைத்திருக்கிறான். குளிரான கேமரன் மலைக்குப் புறப்படும் முன், "ஹீட்டர் வேலை செய்யுமாடா?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லா இருக்குலா மாமா."

மலையில் மழை. நனைந்த எங்கள் கைக்குழந்தை நடுங்கியது. ஹீட்டரை முழுதாகத் திருப்பியும் குளிர்காற்றுதான் வந்தது. போனட்டைத் திறந்தேன். ஹீட்டருக்குப் போகவேண்டிய சுடுதண்ணீர்க் குழாயை வளைத்து இஞ்சினுக்கே திருப்பிவிட்டிருந்தான்.

போனில் கேட்டால் சிரிக்கிறான். "ஹீட்டர் ஒழுகுச்சு மாமா. மலாக்கா வெயில்ல எவனுக்கு அது வேணும்?"

"மலைக்குப் போறோம்னு உனக்குத் தெரியும்."

போனை வைத்துவிட்டான்.

நடுங்கியது அவன் அக்கா பிள்ளை. இப்போது என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு நல்லா இருக்கு" என்று அவன் சொன்னாலும் நான் நம்புவதில்லை.