குகனுக்கு எழுதிய வாழ்த்துப்பா

வேலையிடத்தில் ஒரு பெண் விலகிப் போகிறாள். பிரியாவிடை அட்டை என் மேசைக்கு வந்தது. எல்லோரும் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் மட்டும் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். என்ன செய்வது, அகதியாகப் படகில் வந்தவனின் பழக்கம்.

அட்டையில் மை மணத்தது. வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் ஐந்து பேர் ஒன்றாக இருந்த வாடகை வீட்டுக் குசினி நினைவுக்கு வந்தது. விசா முடிவுக்குக் காத்திருந்த காலம். கதவு தட்டினால் ஆளை ஆள் பார்ப்போம். புதிதாக ஒருவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்போம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்கு வெளிச்சத்தில் நின்றதும் பேய்தான்.

எங்கள் ஐவரில் குகனுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. அவன் புறப்பட்ட அன்று மத்தியானம் இராசன் அந்தக் குசினியில் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சினான். எங்களில் பாட்டெழுதத் தெரிந்தவனும் அவன்தான். சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் ஏறி நின்று, கையால் எழுதிய வாழ்த்துப்பாவை வாசித்தான். உங்களுக்குத் தெரியும்தானே, எங்கள் பக்கத்து வாழ்த்துப்பா ஊரையும் தகப்பனையும் பாடிவிட்டுத்தான் ஆளிடம் வரும். குகனின் ஊர் வந்தது. தகப்பன் பெயரும் வந்தது. அந்தப் பெயரைக் குகன் எங்கள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

“அப்பான்ர பேர் உனக்கு ஆர் சொன்னது?”

“நீதான். படகில காய்ச்சலில புலம்பேக்கை சொன்னனீ. நான்தானே பக்கத்தில இருந்தனான்.”

“பொய். எங்களைப் பற்றி ஆருக்கு எழுதிக் குடுக்கிறாய்?”

இராசனுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. குகன் தாளைப் பறித்து அடுப்பில் பிடித்தான். ‘போட்டு வாறன்’ என்றுகூடச் சொல்லாமல் போனான். கொஞ்ச நாளில் இராசனும் வீடு மாறினான். எங்கே என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போன கிழமை குகன் தொலைபேசியில் வந்தான். ஊரில் தகப்பன் தவறிவிட்டாராம். இவனுக்கு இன்னும் தற்காலிக விசாதான், போக முடியாது.

“அந்தப் பாட்டில அப்பாவைப் பற்றி நாலு வரி வந்ததல்லோ, ஞாபகம் இருக்கோ? நினைவுமலரில போடவேணும்.”

ஏன் இப்போது கேட்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வெட்கமாக இருந்தது. நன்றாக யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இராசனின் தொலைபேசி இலக்கம் ஒருவரிடமும் இல்லை.

“பேர் மட்டும்தான் ஞாபகம் இருக்கு” என்றேன்.

“பேர் எனக்குத் தெரியும்தானேடா” என்று குகன் அழுதான்.